அந்தக் கதிரையில் நம் மொழி உட்கார வேண்டும்



கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பி, அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில்தான் இந்தத் துண்டறிக்கை உங்கள் கைக்கு வரும். அடுப்பு எரியட்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்து இஸ்தோப்பில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

விஷயம் இதுதான். நாட்டின் பொலிஸ் சேவையில் பல்லாயிரம் வெற்றிடங்கள் இருக்கின்றன. பாராளுமன்றத்திலேயே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிடம் இருந்தால் ஆள் எடுப்பார்கள். இருபது, இருபத்திரண்டு வயதில் கான்ஸ்டபிளாகச் சேர்கிறவர் பென்ஷன் போகும்வரை அந்த வேலையில் இருப்பார். இன்று நிரம்புகிற கதிரை இன்னும் முப்பது வருடத்துக்குக் காலியாகாது. நம் பேத்திக்கு ஓர் ஆபத்து வந்து அவள் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகிற நாளில் அந்தக் கதிரையில் யார் இருப்பார், அவருக்கு அவள் பேச்சு விளங்குமா என்பதெல்லாம் இப்போதே முடிவாகிக்கொண்டிருக்கிறது. நாம் பெரட்டுக் களத்தில் நிற்கிறபோது, நம்மைக் கேட்காமலே முடிவாகிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான் இந்த அவசரம்.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தோட்டம், எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். மலையகத்தில் எங்கேயும் நடக்கக்கூடியதுதான்.

சில வருடங்களுக்கு முன்பு, மழை விடாத ஓர் இரவு. ஓர் அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் கழுத்தில் கொழுந்தனின் விரல்கள் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி இருந்தார். கெட்டவர் இல்லை. அக்காவைப் பார்த்ததும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா பேசத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. "தெமல தன்னே நே, அம்மே" என்றார். தமிழ் தெரியாது அம்மா. தமிழ் தெரிந்த ஒரே ஒருவர் அன்றைக்கு லீவு.

எனக்கு அப்போது கடைச் சிங்களம்தான் தெரியும். ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிட்டோம். அவனும் அதே தோட்டம். நாளைக்கும் அந்தக் கொழுந்தன் முகத்தில் விழிக்க வேண்டியவன். அக்கா சொன்னார்: "கழுத்தைப் புடிச்சு நெரிச்சான். கொன்னு தேயிலைக்குள்ள பொதைச்சிருவேன்னு சொன்னான்." தம்பி தயங்கித் தயங்கி மூன்று நான்கு சொல்லில் அதை முடித்தான். அதிகாரி ஒரு பக்கம் எழுதினார். புத்தகத்தைத் திருப்பி வைத்து, பேனை முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். அக்கா குனிந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரிகளுக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் எழுதினார்.

பிறகு ஒரு சட்டத்தரணி அந்தப் பக்கத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கழுத்தும் இல்லை, கொலை மிரட்டலும் இல்லை. வீட்டில் வாய்த்தகராறு என்று மட்டும் இருந்தது. "அன்றைக்கே ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று நீதிமன்றத்தில் அவரிடம் கேட்டார்கள். அவர் சொன்னார், தோழர்களே. நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது அந்த மேசையைத் தாண்டவில்லை.

இனி, அன்றைக்கு அந்த அக்காவுக்கும் எனக்கும் தெரியாமல் இருந்ததைச் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாய்மொழியாகக் கொடுக்கிற முறைப்பாட்டை, கொடுக்கிறவர் பேசுகிற மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது அது. அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே அவர் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுத முடியாது என்று அவர் சொன்னால் மட்டுமே, காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் பதியலாம். அப்போதும் அதை அவருக்கு விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அக்கா ஆறாம் வகுப்புவரை படித்தவர். எழுதத் தெரியும். யாரும் அவரிடம் பேனையைக் கொடுக்கவில்லை. கொடுங்கள் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை விடவில்லை. இந்த அறைகூவலை நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் இதோடு முடியவில்லை. 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. நுவரெலியா, அம்பகமுவ பிரிவுகள் 1999லேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. போருக்குப் பிறகு அரசாங்கமே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியது: பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை உள்ளவர்.

எல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்து மக்கள் 7 இலட்சத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேல் தமிழர். பாதிக்கு மேற்பட்ட மக்கள் பேசுகிற மொழி, மாவட்டத்தின் பொலிஸ் மேசையில் ஒருவருடைய லீவை நம்பி இருக்கலாமா?

அந்தக் கதிரை ஏன் நமக்கு எட்டாமல் போனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இலங்கைப் பொலிஸ் சேவை 1866இல் தொடங்கியது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். இரண்டுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். தேயிலையை வளர்த்த நமக்கு மற்றதில் இடம் கிடைக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தாக்களையும் பாட்டிகளையும் நாடற்றவர்களாக்கியது. பிரஜை அல்லாதவருக்கு அரச உத்தியோகம் ஏது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை இரண்டு நாட்டுக்குமாகப் பங்கு போட்டது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து வருடத்தில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சார்ஜன்டாகி, பொறுப்பதிகாரியாகியிருக்க வேண்டிய நம் ஆட்கள் எத்தனை பேர்? அவர்கள் சேராததால் அவர்களைப் பார்த்துச் சேரவேண்டிய அடுத்த தலைமுறையும் சேரவில்லை.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. பொலிஸில் சேர உயரம் அளப்பார்கள், மார்பளவு பார்ப்பார்கள். 2016இல் எடுத்த நாடளாவிய சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டுக்கும் அது 17. பிள்ளைக் காம்பராவில் கிடைக்காத பாலும் முட்டையும் இருபது வருடம் கழித்து அளவுகோலுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ஓ.எல். சித்தியடைந்த பிள்ளை, ஓடத் தெரிந்த பிள்ளை, தைரியமான பிள்ளை, ஓர் அங்குலம் போதாமல் திரும்பி வருகிறது. அந்த அங்குலத்தைத் தின்றது வறுமை.

உங்களில் மூத்தவர்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும்: "நம்மைச் சுட்டவர்களிடமா நீ பிள்ளையை அனுப்பச் சொல்கிறாய்?"

மறக்கவில்லை, ஐயா. 1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பளம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். 1977 மே 11ஆம் திகதி டெவனில் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் குண்டுக்கு விழுந்தார். டெவன் நமக்குத் தூரதேசம் இல்லை, பக்கத்து மலை. பிறகு அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று இழுத்துக்கொண்டு போனதையும் மறக்கவில்லை. காக்கியைக் கண்டால் நம் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம்தான் என்னை இதைக் கேட்கவும் வைக்கிறது. மலையில் இன்னும் நாலு பேர் தடியோடு வரட்டும் என்று நான் கேட்கவில்லை. நம் குரலைக் கேட்கத் தெரிந்த காது ஒன்று அந்த மேசைக்குப் பின்னால் இருக்கட்டும் என்கிறேன். முல்லோயாவில் கூட்டத்தின் குரலுக்கும் துவக்குப் பிடித்த கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை அப்படியே விட்டு வைத்தால் நாளையும் அதே ஆபத்து.

வட அயர்லாந்தில் இதே கதை நடந்தது. அங்கே கத்தோலிக்க மக்கள் பொலிஸை எதிரியாகவே பார்த்தார்கள். சேருகிற பிள்ளையைச் சொந்த ஊரே ஒதுக்கியது. 1999இல் பேட்டன் ஆணைக்குழு ஒரு வழி சொன்னது. 2001 தொடக்கம் பத்து வருடம், புதிதாகச் சேர்க்கிறவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர், பாதிப்பேர் மற்றவர் என்று எடுத்தார்கள். 100க்கு 8 பேர் அளவில் இருந்த கத்தோலிக்கர் பத்தே வருடத்தில் 30 பேர் அளவுக்கு வந்தார்கள். பழைய காயம் முழுதும் ஆறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தில் எழுதி, கணக்கு வைத்து, வருடாவருடம் பார்த்தால் கதிரை மாறும் என்பது அங்கே கண்ட உண்மை. நம் 13ஆவது திருத்தத்திலும் மாகாணப் பொலிஸ் பற்றி எழுதியிருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அது நடைமுறைக்கு வரவில்லை. அது வரும்வரை நம் பெண்கள் காத்திருக்க முடியாது.

காசு இல்லை என்பார்கள். பொலிஸுக்கான ஒவ்வொரு சதமும் வரவு செலவுத் திட்டத்தில் பாராளுமன்றம் கையுயர்த்திக் கொடுப்பது. தேயிலை ஏற்றுமதி வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் இந்த நாட்டுக்குக் கொண்டுவருகிறது. அந்த டொலரின் வேர் நம் விரல் நுனியில் இருக்கிறது. ஒரு நிலையத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர், அதிகாரிகளுக்குத் தமிழ்ப் பயிற்சி, இருமொழி தெரிந்தவருக்குக் கொடுப்பனவு, தோட்டப் பாதையில் ஏறக்கூடிய ஒரு வாகனம் என்று நாம் கேட்பதெல்லாம் பெரிய தொகை இல்லை. அந்த இளம் அதிகாரியையும் நினைத்துப் பாருங்கள். ஆள் பற்றாத நிலையத்தில் இரவும் பகலும் மாறி மாறி நிற்கிறவர். மொழி தெரியாத மக்களிடையே அவரைத் தனியாக விட்டது அவர் குற்றம் இல்லை. நம் கோரிக்கை அவருக்கும் நல்லது.

நாம் கேட்பது ஐந்து.

ஒன்று: தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், ஒவ்வொரு ஷிப்ட்டிலும், தமிழில் பேசவும் எழுதவும் தெரிந்த ஓர் அதிகாரி. ஒருவர் லீவு என்றால் மற்றவர்.

இரண்டு: பெண்கள், சிறுவர் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி. பகலில் மட்டும் போதாது. நம் பெண்களுக்கு ஆபத்து இரவில்தான் வருகிறது.

மூன்று: அந்த அதிகாரிகள் வரும்வரை சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர். ஆட்டோக்காரத் தம்பியின் தலையில் சட்டத்தின் சுமையை வைக்கக் கூடாது.

நான்கு: ஒவ்வொரு நிலையத்துக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, இருக்கிறவர் எவ்வளவு, அவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு வருடாவருடம் வெளிவர வேண்டும்.

ஐந்து: மலையகத்துக்கென்று தனி ஆட்சேர்ப்பு. தமிழில் விளம்பரம், தமிழில் நேர்முகம், போசாக்குக் குறைவால் உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு உடலளவில் தளர்வு.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் எதுவும் நடக்காது. நாளைக் காலையிலிருந்து நாம் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், நம் கையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மவுண்ட்வர்னன், யூலிபீல்ட் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பகுதிப் பொலிஸ் நிலையத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம் போடட்டும். நான்காவது கோரிக்கையில் உள்ள கேள்விகளையே எழுதுங்கள். மறுத்தால் மேன்முறையீடு செய்வோம். கையில் கணக்கு இருந்தால் மேசையில் நம் குரல் கனக்கும்.

ஆசிரியர் கலாசாலையிலும் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலும் படிக்கிற தம்பி தங்கைகளே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு லயத்துக்கு வாருங்கள். முறைப்பாடு எழுதுவது எப்படி என்று நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். திகதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார். ஆறு வரி போதும். "எனக்கு விளங்காததில் கையெழுத்து வைக்க மாட்டேன், பேனையைத் தாருங்கள், நானே தமிழில் எழுதுகிறேன்" என்று மரியாதையாக, தலை நிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள். கூச்சம் போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவையுங்கள்.

ஓ.எல். முடித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு தோட்டத்திலும் எடுங்கள். ஆட்சேர்ப்பு வர்த்தமானி வந்ததும் அது அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்ப ஒருவர், பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை திருத்த ஒருவர், காலையில் மைதானத்தில் ஓட்டம் பழக்க ஒருவர் என்று பொறுப்பெடுங்கள். பெண் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். அந்த அக்கா அன்றைக்குத் தேடியது ஒரு பெண்ணின் முகத்தைத்தான். நாமும் சிங்களம் படிப்போம். அவர்கள் நம் மொழியைப் படிக்க வேண்டும் என்று கேட்கிற வாய்க்கு அது அழகு.

சங்கத் தோழர்களே, கடைசியாக உங்களுக்கு. தொழிலாளர் காங்கிரஸ், தொழிலாளர் தேசிய சங்கம், மலையக மக்கள் முன்னணி, செங்கொடி என்று நம் கொடிக்குப் பல நிறம். பொலிஸ் மேசைக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் சந்தாச் சீட்டு எந்த நிறம் என்று யாரும் பார்ப்பதில்லை. அவளுக்கு மொழி இல்லை, அவ்வளவுதான். ஆகவே ஒரே மகஜர். எல்லாத் தலைவர்மாரின் கையெழுத்தும் ஒரே தாளில். அது பொலிஸ் மா அதிபருக்கும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும், அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும், நுவரெலியா மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகட்டும். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பொலிஸ் செலவுத் தலைப்பு வருகிற நாளில், நம் வாக்கில் போனவர்களில் யார் எழுந்து பேசினார், யார் பேசாமல் இருந்தார் என்று குறித்து வைப்போம். தேர்தலில் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்ப்போம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கொட்டகலை டவுனில், நாம் வழமையாகக் கூடுகிற மண்டபத்துக்கு வாருங்கள். தோட்டத்துக்கு ஐந்து பேர், அதில் மூன்று பேர் பெண்கள். வரும்போது ஒரு பேனை கொண்டுவாருங்கள். விண்ணப்பங்களை அங்கேயே எழுதி, அங்கேயே கையெழுத்து வைத்து, திங்கள் காலை தபாலில் சேர்ப்போம்.

அந்த அக்காவும் வருகிறார். முதல் கையெழுத்து அவருடையது. இந்த முறை கையெழுத்துக்கு மேலே இருக்கிற ஒவ்வொரு வரியும் அவர் வாசித்துப் பார்த்த வரியாக இருக்கும்.

எழுந்து வாருங்கள் தோழர்களே! கதிரைகள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன.